செல்லாத தாள்

அத்தியாயம் 11

நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை. நீலாவதிக்கு மாலை நான்கு மணி வரைதான் நேரம்.

நான்கு மணிக்குள் அண்ணன் ராஜாங்கம் எழுதிக் கொடுத்த பத்திரம் ரிஜிஸ்டர் ஆபீசில் தாக்கலாக வேண்டும். அண்ணனின் வாரிசுகள் இரண்டு பேரும் அதிகாரி முன்னால் நின்று, "கையெழுத்து அவருடையதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பூதாமூரில் இருக்கும் இருபது சென்ட் இடம் அவளுடையது இல்லை. அந்த இடத்தில் தன் நகைகளை விற்று அவள் போட்ட பீங்கான் பியூஸ் கட்டைப் பட்டறையும் அவளுடையது இல்லை.

ராஜாங்கம் கையெழுத்துப் போட்டது ஜூலை பதினான்காம் தேதி. அன்றிலிருந்து நான்கு மாதம்தான் கெடு. மனிதன் சந்திரனுக்குப் போகிறான் என்று விருத்தாசலம் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லாத வாரம். எழுதி முடித்தபோது ஆபீஸ் மூடிவிட்டது.

"நாளைக்குக் காலையிலயே வந்து முடிச்சிடலாம் நீலா" என்றார் ராஜாங்கம்.

தடுத்தவள் நீலாவதிதான்.

"நாளைக்குச் செவ்வாக்கெழமைண்ணா. அதுக்கு மறுநாளு ஆடி பொறக்குது. ஆடியில யாராச்சும் மண்ணு மனை எழுதுவாங்களா? ஆவணியில வெச்சிக்கலாம்."

பத்திரம் எழுதிய தனக்கோடி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சந்திரனுக்கே ஆளு ஏறப்போறான். நீ ஆடி பாக்குறியா தாயி?" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஆவணியில் ராஜாங்கத்துக்கு ரயில்வேயில் லீவு கிடைக்கவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தவர், தண்ணீர் கேட்டார். அண்ணி காசியம்மாள் செம்போடு திரும்புவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். இன்றோடு நாற்பது நாள்.

அதற்குள் இன்னொரு வினை. தன் மகன் நடராசனுக்கு நீலாவதியின் மகள் பாஞ்சாலையைக் கேட்டுக் காசியம்மாள் போன வாரம் ஆள் அனுப்பினாள். அது ராஜாங்கத்தின் ஆசையும்கூட. வந்தவளிடம் பாஞ்சாலை பட்டென்று சொன்னாள்: "நடராசு மாமாவும் நானும் ஒரே தட்டுல தின்னு வளந்தவங்க. கல்யாணம்னா சிரிப்பு வருது."

அந்தச் சிரிப்பு, சொன்னபடியே காசியம்மாள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலிப்படல் சாத்தியே கிடக்கிறது.

இன்று காலை அந்தப் படலைத் திறந்துகொண்டு நீலாவதி உள்ளே போனாள்.

*

உள்ளறையில், ஜன்னல் வெளிச்சம் படாத மூலையில் காசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. குரல் மட்டும் பழைய குரல்.

"யாரு, பட்டறைக்காரம்மாவா? வா. சிரிப்பு வந்தா சிரிச்சிக்க. இங்க யாரும் கேக்கமாட்டாங்க."

"அண்ணி, அது சின்னப் பொண்ணு. தெரியாம சொல்லிட்டுது."

"பத்தொம்போது வயசு சின்னப் பொண்ணா? அந்த வயசுல எனக்குப் புள்ள பொறந்து நடக்கவே ஆரம்பிச்சிட்டான்."

நீலாவதி தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்க நேரமில்லை.

"இன்னைக்குக் கடைசி நாளுங்கண்ணி. நீங்களும் நடராசனும் வந்து, அண்ணன் கையெழுத்துதான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நான் எப்படி வருவேன்? மூணாம் மாசம் திட்டக்குடியிலேர்ந்து எங்க அண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போற வரைக்கும் நான் தெருவப் பாக்கலாமா? உன் புருசன் செத்தப்ப உன்ன மூணு மாசம் இதே மூலையில உக்கார வெச்சவ நான். மறந்துட்டியா?"

"ஒடம்பு முடியலன்னா அதிகாரி வூட்டுக்கே வருவாராம். தனக்கோடி சொன்னாரு."

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இல்லாத நோவ இருக்குதுன்னு சொல்லமாட்டேன்."

வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த நடராசன் கையை நிறுத்தினான். அத்தையின் பட்டறையில் மண்ணை அச்சில் அமுக்கும் கைப்பிரஸ் ஓட்டுகிறவன் அவன்தான். அப்பா இறந்த பிறகும், படல் சாத்திய பிறகும்கூட, தெருவைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தான்.

"நீயி அண்ணன நம்பல நீலா" என்றாள் காசியம்மாள். "வாயால குடுத்தது பத்தாதுன்னு தாள்ல கேட்ட. அவரும் எழுதினாரு. தப்புச் சொல்லல. ஆனா இப்ப நானும் தாள நம்பறேன்."

"புரியலிங்கண்ணி."

"பாஞ்சாலைய நடராசனுக்குக் குடுக்கறேன்னு முத்திரைத்தாள்ல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டு வா. நான் வாசல் தாண்டறேன். ஊரு என்ன வேணா பேசிக்கட்டும்."

"அம்மா!" நடராசன் எழுந்து உள்ளே வந்தான். "இதெல்லாம் எதுக்கும்மா? அவளுக்குப் பிரியமில்லன்னா வுட்டுடு."

"நீ சும்மா இரு. நீ வாயத் தொறந்து கேட்டிருந்தா நான் ஏன் தாளு கேக்கப்போறேன்? அவ வூட்டு சன்னலப் பாத்துக்கிட்டே சோறு திங்கறவன்தானே நீ?"

நடராசனின் காது மடல் சிவந்தது. எண்ணெய்க் கையோடு வாசலுக்குத் திரும்பிப் போனான்.

*

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே ஓலைச் சார்ப்புக்குக் கீழே, சாய்வுப் பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டு தனக்கோடி எழுதிக்கொண்டிருந்தார். தூறல் ஆரம்பித்திருந்தது. ஓலை நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர் தாளில் படாமல் இருக்க ஒரு பக்கமாக ஒண்டி உட்கார்ந்திருந்தார்.

நீலாவதி சொன்னதைக் கேட்டதும் பேனாவைக் காதில் சொருகினார்.

"பொண்ணு என்னா புஞ்சையா? நாலு எல்லையும் எழுதணுமா? கெழக்கே யாரு வூடு, மேக்கே யாரு கொல்லைன்னு?"

"சிரிக்காதீங்க. இது எழுதினா செல்லுமா, செல்லாதா?"

"செல்லாது. பொண்ணக் குடுக்கறேன்னு எழுதின தாள எந்த ஆபீஸ்லயும் பதியமாட்டாங்க, எந்தக் கோர்ட்டுலயும் கேக்கமாட்டாங்க. அதிகாரிகிட்ட நீட்டினா என்ன வாசல்லயே நிறுத்திடுவாரு."

நீலாவதி எதிரே இருந்த ஆபீஸ் வாசலைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வுட்டுட்டா?"

"அபராதம் கட்டி, கடலூருக்கு மனு எழுதிப் போடணும். ஏன் நாலு மாசம் சும்மா இருந்தன்னு ஜில்லா ரிஜிஸ்திரார் கேப்பாரு. ஆடி மாசம் பாத்தேன்னு சொல்லு. சிரிப்பாங்க." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அப்பறம் இன்னொண்ணு. அதுக்குள்ள உங்க அண்ணி மனசு எந்தப் பக்கம் சாயுமோ. அந்த இடத்து மேல கண்ணு வெச்சிருக்கறவங்க நாலு பேரு இருக்காங்க."

மழை கனத்தது. ஆபீசுக்கு வந்த ஜனங்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

"தாயி" என்றார் தனக்கோடி. "உங்க அண்ணி இத ரிஜிஸ்டர் பண்ணிக் குடுன்னா கேட்டாங்க? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாங்க. அவ்வளவுதானே? செல்லாத தாள்ல எதை எழுதினா என்னா? அவங்க ரேகை வெச்சப்பறம் அது அடுப்புப் பத்த வெக்கத்தான் ஆவும்."

"தப்பில்லையா?"

"தப்பா ரைட்டா சொல்றதுக்குக் கோயில்ல பழமலைநாதர் இருக்காரு. நான் எழுதறவன்."

நீலாவதி பட்டறையை நினைத்தாள். பிரஸ்ஸில் வேலை செய்யும் நாலு பெண்களை நினைத்தாள். புருஷன் போன பிறகு மூன்று மாதம் மூலையில் உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது, வயிற்றுக்கு வழி தெரியாமல் நின்ற காலை நினைத்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

*

வாரிசுச் சான்றிதழும் மரண சர்ட்டிபிகேட்டும் எடுக்க வீட்டுக்கு வந்தபோது, பாஞ்சாலை சாப்பாட்டு வேளைக்கு வந்திருந்தாள். பக்கத்துக் கம்பெனியில் கோப்பைகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுக்கும் வேலை அவளுக்கு. முழங்கை வரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

பாய்மேல் அம்மா வைத்த தாள்களில் புதிதாக ஒன்று இருந்ததை அவள் எடுத்துப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"என்னம்மா இது? மாடு வித்த சீட்டு மாதிரி இருக்குது."

"கீழ வைடி. அது சும்மா."

"என் பேரு போட்டிருக்குது. நடராசு மாமா பேரு போட்டிருக்குது. நீ கையெழுத்துப் போட்டிருக்கற. இது சும்மாவா?"

"செல்லாத தாளுடி. தனக்கோடி சொல்லிட்டாரு. அத்தை வந்து ஒரு ரேகை வைக்கணும், அதுக்குத்தான்."

"செல்லாதுன்னு உனக்குத் தெரியும். தனக்கோடிக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியுமா?"

நீலாவதி பெட்டியை மூடினாள். குரல் உயர்ந்தது.

"அப்ப நீ சம்மதிச்சிடு. தாளே வேணாம். கிழிச்சிப் போட்டுடறேன்."

பாஞ்சாலை தாளைப் பாய்மேல் திருப்பி வைத்தாள்.

"பேசு! வாய் கிழிய அன்னைக்குச் சொன்னியே, சிரிப்பு வருதுன்னு. அந்தச் சிரிப்புக்குத்தான் இன்னைக்கு நான் இப்படி நிக்கறேன். இந்த எடம் போனா நாம எங்கடி போறது?"

"தெரியலம்மா" என்றாள் பாஞ்சாலை மெதுவாக. "நான் சொன்னது தப்புதான். அத்தை கால்ல வேணா விழறேன். ஆனா அவருகிட்ட அப்படி என்னால இருக்க முடியாது. அதுக்கு மேல என்ன வேணா செய்யி. அத்தைய ஏமாத்தறதுல மட்டும் என் பேரப் போடாத."

"போட்டாச்சி" என்றாள் நீலாவதி.

பாஞ்சாலை கையைக் கழுவவில்லை, சாப்பிடவும் இல்லை. மழையிலேயே கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

*

காசியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நடராசன்தான் தாளை வாங்கி வாசித்தான்.

சர்க்கார் பத்திரத்துக்கு உள்ள எல்லா வார்த்தைகளையும் தனக்கோடி போட்டிருந்தார். 'நான் என் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து' என்பதை நடராசன் சாதாரணமாகப் படித்தான். 'மேற்படி பாஞ்சாலையை மேற்படி நடராசனுக்கு' என்ற இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

படித்து முடித்ததும் தாளை மடிக்காமல் அத்தையைப் பார்த்தான்.

"பாஞ்சாலைக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும்ப்பா. படிச்சிப் பாத்துட்டா."

"ஒத்துக்கிட்டாளா?"

இதற்கு வாயைத் திறக்க நீலாவதியால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

நடராசன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மழையில அம்மாவ நடக்க வெக்கவாணாம். ஜங்ஷன்லேர்ந்து ஜட்கா புடிச்சிக்கிட்டு வரேன்" என்று ஓடினான். அப்பா செத்த பிறகு அவன் ஓடி அவள் பார்த்ததில்லை.

காசியம்மாள் எழுந்தாள். நாற்பது நாள் உட்கார்ந்த கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முக்காட்டை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஜட்கா தெருமுனையில் வந்து நின்றதும் நடராசன் தெருவில் முன்னால் நடந்து குரல் கொடுத்தான். "எங்கம்மா வராங்க... எங்கம்மா வராங்க..."

வழக்கம் அதுதான். தாலி அறுத்தவள் முகத்தில் யாரும் விழித்துவிடக் கூடாது. இரண்டு பக்கமும் கதவுகள் சாத்திக்கொண்டன. எதிர் வீட்டுக்காரி வாசலில் இருந்த குழந்தையை ஒரு கையால் தூக்கி உள்ளே இழுத்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருத்தி கேட்டாள்: "மூணாம் மாசம் ஆவலியே, அதுக்குள்ள என்னா அவசரம்?"

காசியம்மாள் அதைக் கேட்டாள். கேட்டும் நடந்தாள்.

வண்டிக்குள் சாக்குப் படுதா தொங்கியது. குதிரைக் குளம்புச் சத்தத்துக்கு நடுவே அவள் பேசினாள். சண்டைக்காரக் குரல் இல்லை அது.

"திட்டக்குடியில எங்க அண்ணிக்குச் சேதி போயிடும் நீலா. பொறந்த வூட்டுல வந்து கூட்டிக்கிட்டுப் போறதுக்கு முன்னால தெருவுல நின்னவன்னு, இனிமே எந்த நல்லதுக்கும் என்ன முன்னால வுடமாட்டாங்க."

"அண்ணி..."

"போவட்டும். எனக்கு இனிமே பொறந்த வூடு எதுக்கு? பாஞ்சால இருக்கறா. நான் பேசறது காரமா இருக்கும்னு அவளுக்குப் பயம். நீ சொல்லு. அவளப் பேசமாட்டேன்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "என் கல்லுத் தோடு அவளுக்குன்னு முடிஞ்சி வெச்சிருக்கேன். ஒங்கண்ணன் வாங்கிக் குடுத்தது. அவ காதுக்கு நல்லா இருக்கும்."

நீலாவதி படுதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வண்டி பாலக்கரைத் திருப்பத்தில் குலுங்கியது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் வண்டி திரும்பிவிடும் என்றும் நினைத்தாள்.

வண்டி திரும்பவில்லை.

*

உள்ளே ஈரத் துணி வாடையும் மை வாடையுமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

பதிவு அதிகாரி நடுவயதுக்காரர். அவசரப்படாமல் பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். எழுதிய தேதியை விரல்விட்டு எண்ணினார்.

"கடைசி நாள்ல வந்திருக்கீங்க."

"ஆமாங்க" என்றார் தனக்கோடி.

"எழுதிக் கொடுத்தவர் இறந்துட்டார். மனைவி, ஒரே மகன். ரெண்டு வாரிசு. சரி. அடையாளம் யார் சொல்றது?"

"நான்தாங்க. இருபது வருசப் பழக்கம்" என்றார் தனக்கோடி.

அதிகாரி காசியம்மாளை முன்னால் வரச் சொன்னார். பெஞ்சில் இருந்த இரண்டு கிழவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் திருப்பவில்லை.

"இதுல இருக்கறது உங்க வீட்டுக்காரர் ராஜாங்கம் கையெழுத்துதானா அம்மா? பார்த்துச் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா ரேகை வைக்கணும்."

கடைநிலை ஊழியர் காசியம்மாளின் இடது கைக் கட்டை விரலைப் பிடித்து மையில் உருட்டினார். கறுத்த விரல் தாளுக்கு மேலே வந்தது. வளையல் இல்லாத அந்தக் கையைப் பார்த்ததும் நீலாவதிக்குள் ஏதோ அறுந்தது.

"வெக்காதீங்க அண்ணி!"

ஆபீஸ் முழுக்கத் திரும்பியது.

"அந்தத் தாளு செல்லாது. நான் எழுதிக் குடுத்தது. அதுக்கு எந்த மதிப்பும் இல்ல. தெரிஞ்சேதான் குடுத்தேன். பாஞ்சால ஒத்துக்கல."

தனக்கோடி கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னம்மா விஷயம்?" அதிகாரியின் குரல் மாறியது. "எந்தத் தாள்? ஏதாவது சொல்லி ஏமாத்தி இவங்களை இங்க கூட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றாள் நீலாவதி.

காசியம்மாள் அசையவில்லை. மை பூசிய விரல் அந்தரத்தில் அப்படியே நின்றது. தாண்டி வந்த வாசலும், சாத்தின கதவுகளும், திட்டக்குடி அண்ணியும் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. பிறகு அவள் நீலாவதியைப் பார்க்காமல், அதிகாரியைக் கேட்டாள்.

"அய்யா எங்கிட்ட கேட்டது என்னா? கையெழுத்து அவருதுதானான்னா?"

"ஆமாம்மா. அது ஒண்ணுதான் என் கேள்வி. உங்களுக்குள்ள இருக்கற வேற விஷயம் எனக்குத் தெரியாது. இஷ்டமில்லைன்னா நீங்க சொல்லவேண்டாம்."

"அவருதுதான்."

"நல்லா யோசிச்சு..."

"செத்துப்போனவரு போட்ட கையெழுத்த இல்லன்னு சொல்லிட்டு நான் எந்த மொகத்தோட வூட்டுக்குப் போவேன்? அவருதுதான்."

விரலைத் தாளில் அழுத்தினாள். எடுத்தாள்.

நீலாவதி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அடுத்து மகன். வாங்க தம்பி. இது உங்கப்பா கையெழுத்துதானா?"

நடராசன் கதவருகே நின்றிருந்தான். வரவில்லை. அதிகாரியைப் பார்க்கவும் இல்லை.

"தலையாட்டினீங்களே அத்தை" என்றான்.

"நடராசா..."

"ஒத்துக்கிட்டாளான்னு கேட்டேன். தலையாட்டினீங்க. தெருவுல எங்கம்மா வராங்க, எங்கம்மா வராங்கன்னு நானே சத்தம் போட்டுக்கிட்டு முன்னால நடந்தேன். ஊரே கதவச் சாத்திச்சி. எதுக்கு நடந்தேன் அத்தை?"

"பட்டறை போயிடுமேன்னு பயந்துட்டேன்டா. நீ ஓட்டற பட்டறைதானே அது..."

"பாஞ்சால வேணாம்னு சொன்னா, வேணாம். அத நான் தாங்கிக்கிட்டு இருந்திருப்பேன். நேத்து வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். இன்னைக்கு ஏன் என்ன சந்தோசப்பட வெச்சீங்க?"

அதிகாரி மெல்ல மேஜையைத் தட்டினார்.

"தம்பி. ஆமாவா, இல்லையா?"

"சொல்லமாட்டேன் சார்."

"சொல்லலைன்னா மறுப்புன்னுதான் எழுதணும்."

"எப்படி வேணா எழுதிக்குங்க."

அவன் மழைக்குள் இறங்கிப் போனான்.

"அய்யா, அம்மா ரேகை வெச்சாச்சே..." என்று இழுத்தார் தனக்கோடி.

"அவங்க பங்கு மட்டுக்கும் பதிவாகும். மகன் பங்கு மட்டுக்கும் மறுத்து எழுதுவேன். ஆட்சேபணை இருந்தா முப்பது நாளைக்குள்ள கடலூருக்குப் போகலாம்." அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. "நாலு மணி வரைக்கும் பேனாவ எடுக்கமாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"பாதி எடம்னா எந்தப் பாதி?" நீலாவதி தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டாள்.

"பிரஸ்ஸு நட்டநடுவுல நிக்குது தாயி" என்றார் தனக்கோடி.

அப்போதுதான் காசியம்மாள் நகர்ந்தாள். ஊழியர் நீட்டிய துணியில் விரலைத் துடைக்கவில்லை. நீலாவதியை உரசாமல் விலகி நடந்து, வாசல் படியில் இறங்கினாள். முக்காடு சரிந்து தோளில் விழுந்தது. இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. சைக்கிளில் எதிரே வந்தவன் அவளைக் கண்டு பதறிப்போய் ஓரமாக ஒதுங்கினான்.

"அண்ணி!" என்று நீலாவதி கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

மழைத் திரைக்கு அப்பால், சாலைத் திருப்பத்தில் நடராசன் நிற்பது தெரிந்தது. காசியம்மாள் அவனை எட்டிப் பிடித்தாள். கறுத்த விரலோடு இருந்த கையை நீட்டி அவன் சட்டையைப் பற்றினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. அவன் தலை குனிந்திருந்தது.

தனக்கோடி பக்கத்தில் வந்து நின்றார்.

"கூட்டியாந்துடுவாங்களா தாயி?"

நீலாவதி திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல" என்றாள். "அவங்க எடத்துல நானா இருந்தா, கூட்டியாரமாட்டேன்."